விளிம்பு

லா பிரெவீனுக்குக் குளிர்தான் பெருமை.
சைபருக்குக் கீழே நாற்பத்தொன்று,
ஒருமுறை விழுந்த அந்த எண்ணைச் சொல்லாமல்
இங்கே யாரும் கோப்பி ஊற்றித் தரமாட்டார்கள்.

எனக்குப் பனி வழிக்கும் வண்டி.
இரண்டே முக்காலுக்கு ஏரிப் பாதையில் திரும்ப
கைவிளக்கை ஆட்டி மறித்தாள் ஒடீல், மாட்டு வைத்தியர்.
எங்கோ ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாக்கும்
என்று குதித்து இறங்கினேன்.
“வெளிச்சத்தை நூருங்கோ. மேலே சுத்துகிற
செம்மஞ்சள் விளக்கையும்.”

நூர்த்தேன்.

முக்காலியில் தொலைநோக்கி,
அதற்கொரு கம்பளிக் காலுறை.
நெப்டியூனுக்கும் அப்பால் ஒரு பனிக்கட்டி உலகமாம்.
இன்னும் பெயரில்லை; ஓர் ஆண்டு, இரண்டு எழுத்து, ஓர் எண்.
(முதல் ஆறு வருஷம் என் அட்டையிலும்
ஒற்றை எழுத்துத்தான்.)
சூரியனை ஒருதரம் சுற்ற முந்நூறு வருஷம்.
அங்கே சைபருக்குக் கீழே இருநூற்று முப்பது.
கோப்பிக்கடையை நினைத்துச் சிரிப்பு வந்தது.

இந்தக் குழாயில் அது தெரியாது, என்றாள்.
ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும்.
விண்மீன் அணையும். பிறகு எரியும்.
அணைந்திருந்த நொடிகளில் இருக்கிறது அதன் அகலம்.

அவள் முழங்காலில் ஒரு படிவம்:
மறைந்த நேரம்.
மீண்ட நேரம்.
இரண்டாவது கட்டமும் உள்ள படிவத்தை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மூச்சுப் பட்டால் கண்ணாடி மூடிவிடும்,
இருவரும் முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டோம்.
அடியில் ஏரி வெடித்து உறைகிற சத்தம்,
யாரோ கட்டிலை இழுப்பது போல.
மூன்று மணி ஏழு நிமிஷம் வந்தது.
போனது.
விண்மீன் வழக்கம்போலச் சிமிட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நின்றது.

‘மறையவில்லை’ என்று எழுதினாள்.
வீண்தானே, என்றேன், இவ்வளவு குளிருக்கும்.
இல்லையாம். கைபேசியைக் காட்டினாள்.
எல்லைக்கு அந்தப் பக்கம், பொந்தார்லியேயில்,
மா பிசையப் போகும் வழியில் நின்று பார்த்த ஒருவனுக்கு
நான்கு நொடி மறைந்திருக்கிறது.
“அப்படியென்றால் அதன் விளிம்பு
நமக்கும் அவனுக்கும் இடையில் எங்கோ போயிருக்கிறது.
அவன் மட்டும் பார்த்திருந்தால்
அது எங்கே முடிகிறதென்று தெரியாது.”

பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் கேட்டாள்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தவயோகராசா.
பாதியிலேயே கட்டம் முடிந்துபோக
கோட்டைத் தாண்டி எழுதினாள்.

விளக்கைப் போட்டேன்.
இன்னும் நாலு கிலோமீற்றர் வழிக்கக் கிடந்தது.