வலி உண்டு

செவ்வாய்க்கிழமை வண்டி என்னுடையது.
கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி
எருத்தேம்பதி, ஒழலப்பதி, வண்ணாமடை என்று
எல்லையை உரசிக்கொண்டே ஓடி
பனைகள் தீரும் இடத்தில் திரும்பும்.
பின்சீட்டில் லிஜி சிஸ்டர்,
தொடுபுழைக்காரர், வந்து மூன்று மாதம்,
மடியில் பஞ்சும் டியூபும் பதிவேடும்.
எனக்குச் சம்பளம் ஸ்டியரிங்குக்கு.
வாய்க்கு யாரும் விலை கேட்டதில்லை.

சென்னியப்பனின் மனு பதினோரு மாதம் அலைந்தது.
மயிலாத்தாள் கடலைக்காட்டில் வழுக்கி
இடுப்பெலும்பு விட்டுப் படுத்தவள்.
கம்ப்யூட்டர் சென்டர் பெண்
பெயருக்குக் கீழே மலையாளத்தில் அடித்தாள்:
கிடப்பு ரோகி.
எழுந்து நடமாட முடியாதவர் என்று அர்த்தம்.
வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட சென்னியப்பனுக்கு
தெரிந்த கிடப்பு வேறு.
"மனுவக் கிடப்புல போடறதுமில்லாம
அத எழுதி வேற கையெழுத்துக் கேக்கறீங்களா?"
சட்டைப் பையில் பேனாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.
அதில் போனது நாலு மாதம்.

அப்புறம் ரேஷன் கார்டில் மயிலாத்தா,
பொள்ளாச்சிப் பக்கம் எடுத்த ஆதாரில் மயிலாள்.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்று வேண்டும்.
ஐம்பத்திரண்டு வருஷம் கூடப் படுத்தவன்
சொன்னால் ஆகாதா என்று கேட்டிருக்கிறார்.
ஆகாது.

கடைசியில் ஒரு செவ்வாய்,
வேலிப்படல் ஓரமாக வண்டியை நிறுத்தி
டயரில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே சிஸ்டர் கேட்டார்:
"அம்மே, வேதன உண்டோ?"

மயிலாத்தாள் ஓட்டுச் சந்தைப் பார்த்தாள்.
திருப்பூர்க்காரன் பேசி
ஒரு மாதம் ஆனதை நினைத்தாளோ,
சொசைட்டிக் கடனை நினைத்தாளோ,
வீடு தேடி வந்தவர்களிடம் எதற்கு என்று
"வேதனை ஒண்ணுமில்லீங்" என்றாள்.
"வலிதான் இருக்குதுங்."

"வலிக்குமோ?" சிஸ்டரின் புருவம் ஏறியது.
"ஆமாங். ராத்திரியெல்லாம்."

பதிவேட்டில் எழுத்து முத்து முத்தாக:
வேதன இல்ல. வலி உண்டு.
அவர்கள் பேச்சில் வலி என்றால் இழுப்பு.
மூச்சு இழுக்கிற வலி,
பீடி இழுக்கிற வலி.
இந்த வயதில் ராத்திரி முழுக்கப் பீடியா என்று
வண்டியில் திரும்பும்போது சிஸ்டர் வருத்தப்பட்டார்.
யாரோ என்று நினைத்து
நானும் உச்சுக் கொட்டினேன்.

அடுத்த வாரம் மருந்து வந்தது.
அதற்கடுத்த வாரம் சென்னியப்பன்
என் ஜன்னலுக்குள் ஒரு நீலக் குப்பியை நீட்டினார்.
"டிரைவரு தம்பி, இத இடுப்புல
எத்தன தடவ அமுக்கோணும்?
மூணு நாளா அடிக்கறேன்.
குளுகுளுன்னுதான் இருக்குதுங்கறா.
வலி நிக்கல."

சிரித்துவிட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சொன்னதும் சிஸ்டர் அங்கேயே,
வண்டிப் படியில் உட்கார்ந்து,
எழுதியதை ஒவ்வொரு வரியாக அடித்தார்.
"அண்ணா, இனி நிறுத்திட்டு உள்ளே வரணும்."
லாக் புத்தகத்தில்
கிலோமீட்டருக்குக் கட்டம் உண்டு, டீசலுக்கு உண்டு.
உள்ளே வந்ததற்கு இல்லை.
வந்தேன்.

மாத்திரை மாறி இரண்டு வாரம் கழித்து
சிஸ்டர் கட்டில் பக்கம் குனிந்து
என்னிடம் கற்ற தமிழை எண்ணி எண்ணி வைத்தார்:
"அம்மா. வலி. இருக்கா?"
மயிலாத்தாளும் மரியாதைக்குக் குறைந்தவள் இல்லை.
சிஸ்டர் பேச்சிலேயே பதில் தந்தாள்:
"வேதன உண்டு."

எந்த வேதனை?
பேனா நின்றது. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.
மயிலாத்தாளின் கை இடுப்புக்குப் போகவில்லை.
போர்வைக்கு மேலே, செல்போனுக்குப் பக்கத்தில்,
சும்மா கிடந்தது.