ஈரம் பத்தொன்பது

சுங்கச் சீட்டில் 'பொம்மை' என்றுதான் போட்டிருந்தது.
மான்செஸ்டரிலிருந்து வந்த பச்சை நீராவி எஞ்சின்,
ஆறு சக்கரம், உள்ளங்கை நீளம்.
பேரளத்து மாடி அறையில்
கரண்ட் வந்ததும் ஓட விட்டேன்.
பக்கத்துத் தடத்தில் டீசல்
தன் முறைக்கு நின்றது.

இரண்டாம் சுற்றில், வளைவில், கவிழ்ந்தது.
தண்டவாளத்தில் ஒரு நெல்.
கொள்முதல் நிலையத்திலிருந்து
என் பேண்ட் மடிப்பில் ஏறி வந்திருக்கும்.
எழுபத்தாறில் ஒரு பங்கு உலகம் இது;
அந்தக் கணக்கில் நெல்
ஒரு முழத்துக்கும் மேலே.
டிரைவருக்குப் பாறை.

மதியம் கலியபெருமாள் குவியலைத்
திருப்பியிருந்தேன்.
'இன்னொருக்கா மீட்டர வச்சுப் பாருங்க சார்.'
வரிசை நீளம். வைக்கவில்லை.

வெளியே தூறல் பிடித்துவிட்டது.
எஞ்சினை நிமிர்த்தாமல்
நெல்லை எடுத்துக் கடித்தேன்.

நறுக்கென்று உடைந்தது.