பதினெட்டுக் கிலோ வரை

கிளினிக் தராசில் பன்னிரண்டரைக் கிலோ.
"பச்சைக்குள்ளதான் நிக்கிறா" என்று
அட்டையில் புள்ளி வைத்தா குடும்பநல மாது.
பிறந்தபோது வாங்கிய வாளி இருக்கையில்
ஆருசாவின் உச்சிக்கும் விளிம்புக்கும் இடையில்
ஒரு விரல்தான் மிச்சம்.

கிளிநொச்சி டிப்போச் சந்திக்குப் பின்னால்
தவரூபன் அண்ணையின் கடை.
"யப்பான் சாமான் பிள்ளை, உடையாது."
கவிழ்த்துப் பார்த்தேன்.
அடிப் பிளாஸ்ரிக்கில் ஒரு வட்டம், ஒரு அம்புக்குறி:
காலாவதியாகி இரண்டு வருசம்.
பெல்ற் நுழையும் இடத்தில்
மயிர்போல ஒரு வெள்ளைக் கீறல்.
எந்த ஊர்த் தெருவில், எந்தப் பிள்ளையைத் தாங்கி
அது என்ன கண்டதென்று
அண்ணைக்கும் தெரியாது.
மினுக்கித் துடைத்திருந்தார், அவ்வளவுதான்.

"மடியைவிடப் பத்திரம் எதடி?" என்றா மாமி.
"முறிகண்டியில ஒரு தேங்காய் உடைச்சிட்டுப் போங்கோ."

மல்லாவியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.
எட்டாம் வகுப்புக்குச் சொல்வதை மாமிக்கும் சொன்னேன்:
ஐம்பதில் போகிற கார் சடாரென நின்றால்
அந்தக் கணத்தில் பன்னிரண்டரைக் கிலோ
ஒரு மாட்டின் கனம் கனக்கும்.
மாட்டைப் பிடிக்கிற மடி
யாரிடம் இருக்கிறது?

மாமி பேசவில்லை.
வேறு எதையோ நினைத்தா போல.
நானும்தான்.

எனக்குப் பதினொரு வயது.
ரக்ரர் பெட்டியின் பின்பலகையில்
பாத்திரங்களுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே
பின்பக்கம் பார்த்து இருந்தேன்.
பரந்தன் சின்னதாகிக்கொண்டு போனது,
பிறகு தருமபுரம்,
பிறகு பெயர் கேட்க நேரமில்லாத ஊர்கள்.
அம்மா ஒரு நூல்சேலையைக் கிழித்து
என்னையும் தம்பியையும்
பெட்டிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினா.
கட்டியபின் வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே
இரண்டு விரல் விட்டுப் பார்த்தா.
இறுக்கம் காணாதென்று
அவிழ்த்துத் திரும்பக் கட்டினா.

வவுனியாவில் வாங்கினோம்.
சீட்டுக் காசில் சீற் என்று
நிரோஜன் மூன்று நாள் பகிடி விட்டான்.
எங்கள் அல்ரோ சின்ன வண்டி.
இருக்கையைப் பின்பக்கம் பார்க்க வைத்துக் கட்டியதும்
முன் ஆசனம் நெருங்கி
அவன் முழங்கால் டாஷ்போட்டில் முட்டுகிறது.
ஆறடி ஆள் நாலாய் மடிந்து
"எனக்கொண்டும் இல்லை, நீ ஓட்டு" என்கிறான்.

வந்துபோகிறவர்களுக்கு ஒரே கேள்வி:
"இரண்டரை வயசாகுது, இன்னும் ஏன் பின்பக்கம்?
பிள்ளையின்ர கால் மடங்குதெல்லோ."
மடங்கட்டும்.
கால் முறிந்தால் பத்துப் போடலாம்.
கழுத்துக்கு எவரிடம் போவது?

இருக்கையின் பக்கத்தில் பிளாஸ்ரர் ஒட்டி
நீலப் பேனையால் எழுதினேன்:
பதினெட்டுக் கிலோ வரை.
அதற்குப் பிறகு என்ன செய்வதென்று
அப்போது பார்க்கலாம்.
ஒரு வருசமோ, ஒன்றரையோ,
அவள் சோறு தின்னுகிற கெதியைப் பொறுத்து.

இன்று காலை முறிகண்டியில் நிறுத்தினோம்.
தேங்காயும் உடைத்தோம்,
மாமிக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.
கச்சான் சரையை நிரோஜன் பிரித்தான்.
"அவளுக்குக் குடுக்காத, ஓடேக்க விக்கும்."
இருக்கையை அடியில் பிடித்து உலுப்பினேன்,
ஒரு விரல் அகலம்கூட அசையவில்லை.
தோள்பட்டியைக் கிள்ளிப் பார்த்தேன்.
கிள்ளுப்பட்டது, கொஞ்சம்.
அவிழ்த்து,
இழுத்து,
திரும்பக் கிள்ளினேன். விரல் வழுக்கியது.

ஏ-ஒன்பதில் ஏறியதும்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"அம்மா, மாடு போகுது! மாடு போகுது!"
நாங்கள் கடந்து வந்த மாடு அவளுக்கு.
எனக்கு இனித்தான்.
காலை பிறேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.