பத்தாம் நாள்

ஒப்பந்தம் நாலு பக்கம்.
முன்னிருக்கையில் வைத்திருக்கிறேன்;
திருப்பத்தில் சரிந்துவிடாமல்
மேலே சாப்பாட்டு டப்பா.
ஹெக்ஸம் ஸ்டேஷனுக்குப் பின்னால் கார்.
மணி ஏழேகால். மழையா தூறலா என்று
வைப்பராலேயே தீர்மானிக்க முடியவில்லை.

ஐந்து வருடமாக லோக்கம் நர்ஸ்.
அம்மாவின் வாயில் அது லோகம்.
"பிள்ளை லோகத்தில வேலை செய்யுது" என்பா
கனடாவுக்குப் போன் பேசுகையில்.
திருத்தியதில்லை. பெரிய பிழையுமில்லை:
ஆல்னிக்கில் ஒரு கோடை,
மோர்பெத்தில் யாரோ பிள்ளை பெறப் போன ஒன்பது மாதம்,
கார்லைலில் ஒரே ஓர் இரவு, அதுவும்
லாப்ரடோர் விழுங்கிய காலுறையோடு விடிந்தது.

புது இடத்தில் முதலில் விசாரிப்பது
மருந்தலமாரிச் சாவி யாரிடம் என்று.
அடுத்தது, எவருடைய கோப்பையில்
தேநீர் ஊற்றக் கூடாது என்று.
வெள்ளைப் பலகையில் எல்லோருக்கும் பெயர் இருக்கும்.
என் கட்டத்தில் "லோக்கம்".
மோர்பெத்தில் ஏழாம் மாதமும் அப்படித்தான்.

மணிக்கூலி கூட. அதை ஏன் மறைக்க?
இங்கே கையெழுத்திட்டால்
மாதம் நானூறு பவுண்ட் குறையும்.
பிடிக்காத இடமென்றால் வெள்ளிக்கிழமையோடு
ஷூவைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்;
யார் யாரோடு பேசுவதில்லை என்பதை
மனப்பாடம் செய்யத் தேவையில்லை.
ஆனால் ஒரு பூனை கடித்துக் கை வீங்கிய
பன்னிரண்டு நாளும்
என் வங்கிக் கணக்கும் என்னோடு
கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.
வீட்டுக்கடன்காரர் கேட்டார்:
"அடுத்த வருடம் எங்கே இருப்பீர்கள்?"
அடுத்த புதனே தெரியாது என்று
சொல்லவில்லை.

இன்னொன்று. கணக்கில் வராது.
"பத்தாம் நாள் கூட்டி வாருங்கள்,
தையலைப் பார்ப்போம்" என்று
எத்தனை பேரை வாசல் வரை அனுப்பியிருப்பேன்!
கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு
கதவில் முட்டி முட்டிப் போகும் நாய்கள்.
பத்தாம் நாள் நான் வேறு ஊரில்,
வேறொரு நாய்க்கு அதையே சொல்லிக்கொண்டு.
புண் ஆறிற்றா, சீழ் வைத்ததா?
பாதியில் பக்கம் கிழிந்த கதைகள்
ஒரு மாவட்டம் நிறைய எனக்கு.

இங்கே எட்டு மாதமாகிவிட்டது.
மாதாமாதம் நீட்டி நீட்டி, நான் கவனிக்காமலே.
செவ்வாய்தோறும் பார்ஸ்லி வரும்,
சிறுநீரகம் சுருங்கிய பதினாறு வயதுப் பூனை,
தோலுக்கடியில் நீர் ஏற்ற.
ஊசி போடுமுன் என் கட்டைவிரலை நக்கும்.
ரிட்லி ஐயா அந்த நேரம் பார்த்து
பஸ் நேரத்தைப் பற்றிப் பேசுவார்.

போன வெள்ளி,
முன்னங்காலில் மயிர் மழித்து
நரம்பை எழுப்பிப் பிடித்தேன்.
அட்டையைப் பார்த்துப் பெயர் தெரிந்துகொண்ட
நூறு கால்களை இப்படிப் பிடித்த கைதான்.
அன்றைக்கு நடுங்கிற்று.
டாக்டர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு
ரிட்லி ஐயா வாசலில் திரும்பினார்.
"செவ்வாய் பழக்கத்தில் வந்துவிடுவேன் போலிருக்கு.
நீ இருப்பாய்தானே?"

இருப்பேன் என்றேன்.
உடனே. யோசிக்காமல்.

அதற்கு அரை மணி கழித்துத்தான்
மொய்ரா இந்த உறையைத் தந்தாள்.
லாக்கர் கதவில் டேப் ஒட்டி
என் பெயரும் எழுதியாயிற்றாம்:
துஷாந்தி. 'ஷா'வுக்கு ஒரு எழுத்து குறைவு.

மூன்றாம் பக்கம்: விலகுவதானால்
மூன்று மாத முன்னறிவிப்பு.
திரும்பத் திரும்ப அதில்தான் நிற்கிறேன்.
மூன்று மாதத்தில் எத்தனை பத்தாம் நாள்,
எத்தனை பார்ஸ்லி என்று
கை தன்பாட்டில் எண்ணுகிறது.

பையில் அகப்பட்டது
பூச்சி மருந்துக் கம்பெனி தந்த பேனா,
ஆல்னிக்கில் எடுத்தது. எழுதுமா தெரியாது.
பார்க்கிங் சீட்டின் பின்புறம் கிறுக்கிப் பார்க்கிறேன்.

இன்று திங்கள்.