மீதி எட்டு நாள்

டிசம்பருக்குள் எடுக்காவிட்டால்
எரிந்துவிடும் என்றார்கள் ஆலை ஆபீசில்.
எட்டு நாள் லீவு.
எரியட்டும் என்றுதான் வாயில் வந்தது.

கோலக்கெட்டிலில் மழை விட்டிருந்தது.
செம்பனைப் பால் வாடையோடு வீடு வந்தேன்.
குதிரை ஓடும் நாளுக்கெல்லாம் குட்டிக் குதிரை அச்சடித்த
ஆ செங் கடைக் காலண்டரை
ஆணியிலிருந்து கழற்றி
மேசையில் போட்டாள் வசந்தமாலா.
கையில் பென்சில். பேனா அல்ல.

பெத்தோங் போகலாம் என்றாள்,
மலைமேல் மூடுபனி, ஒரு ராத்திரி போதும்.
ஏப்ரல் என்றால் வழியில் நிற்பவன் தண்ணீர் ஊற்றுவான்,
நவம்பர் என்றால் வானமே ஊற்றும்.
மேடான்?
ஆகஸ்டில் புகை.
செப்டம்பரில் குலை வந்து குவியும்,
மானேஜர் பாரத்தைப் படிக்காமலே
தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்.

சிங்கப்பூர் என்று
இருவரும் சொல்லவில்லை.

'எப்ப வேணும்னாலும் வாங்கப்பா' என்பான் பிரகலாதன்.
அப்படியொரு தேதி
ஆ செங் காலண்டரில் இல்லை.

போன தடவை உட்லண்ட்ஸில்
முப்பது நாள் கொடுத்தார்கள்,
எங்களை யாரென்றே தெரியாதவர்கள்.
மகன் வீட்டில் மூன்றாம் நாள் இரவு
மருமகள் அலமாரியை மூடும் சத்தம்
கொஞ்சம் மாறியது.
கெட்ட பிள்ளை இல்லை அவள்.
இரண்டே அறை, ஒன்றில் வாடகைக்கு ஆள்,
நாங்கள் விரித்துப் படுத்த மெத்தையைத் தாண்டித்தான்
காலையில் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

நான் எடைமேடைக் கிராணி.
லோரி உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
அந்தத் தடவை போகும்போது
முறுக்கு, நெத்திலி, மைலோ டின்,
பன்னிரண்டு கிலோ இருக்கும்.
வரும்போது பை காலி.
ஆனால் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்த அவள் தலை
போகும்போது இல்லாத கனம்.
இதை எதில் கழிப்பது?

ஒன்பது மணிக்கு அவளே கைப்பேசியை எடுத்தாள்.
'அடுத்த மாசம் ஆறாந்தேதி வரோம்.'
உடனே பதில்:
'எத்தனை நாள்?'

முகப்பில் அதிகாரி கேட்கும் அதே கேள்வி.
எழுத்தில் குரல் இல்லை.
மூன்று முறை படித்தாள்,
என்னிடம் நீட்டினாள், நானும் படித்தேன்.
சந்தோஷமா, கணக்கா?
கோப்பி ஆறியது.

அஞ்சு என்று அடித்து அழித்தாள்.
மூணு என்று அடித்து அழித்தாள்.
நாலு என்று அனுப்பிவிட்டு
பெத்தோங்குக்கு பதினொன்றாம் தேதியில்
பென்சிலால் வட்டம் போட்டாள்,
பந்தயத்தில் பணம் கட்டுகிற மாதிரி.

கைப்பேசி மறுபடி மினுங்கியது.
'பதினொண்ணு வரைக்கும் இருங்களேன்மா.
அன்னிக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் லீவு.'

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலைத் திருப்பிப் பிடித்து
வட்டத்தை அழித்தாள்,
அழுத்தி அழுத்தி.
குட்டிக் குதிரையும் பாதி போயிருந்தது.