ஜல்லி ரசீது

போர்ட் மக்குவாரியிலிருந்து
பதினைந்து நாளுக்கொரு கப்பல்.
இம்முறை வெங்காயம், டீசல், யாருக்கோ ஒரு பியானோ,
என் பெயருக்கு
நாற்பது மூட்டை ஜல்லி.

லார்ட் ஹவ் தீவில் எங்கு திரும்பினாலும் கல்தான்.
தெற்கே இரண்டு மலைகள்
கல்லாகவே எழுந்து மேகத்துக்குள் போய்விடுகின்றன.
ஆனாலும் கைப்பிடி அளவு வெட்டக்கூடாது.
ஓடுபாதையில் விழுந்த வெடிப்பை அடைக்க
கல்லிருக்கும் ஊருக்குக்
கடல் தாண்டிக் கல் வருகிறது.

ரோண்டா லாரி ஓட்டுகிறாள்.
மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.
அதற்கு மேல் இங்கே யாருக்கும் அவசரமில்லை.

கேடய எரிமலை என்கிறார்கள் இதை.
யாரை மறித்துப் பிடித்த கேடயமோ.
எனக்குத் தெரிந்த உவமை அடுப்படியில்தான்:
மாவு கெட்டியென்றால் இட்லி,
உப்பிக்கொண்டு மூடியை முட்டும்.
இதன் மாவு நீர்த்தது.
ஊற்ற ஊற்ற ஓடியது.
ஆறு மாதமோ ஆயிரம் வருடமோ கழித்து
அதன்மேல் இன்னொன்று,
அதன்மேல் இன்னொன்று.
கடல் கடித்துவைத்த இடத்தில்
அடுக்கின் விளிம்புகள் தெரிகின்றன.
எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தொன்றில் மேகம் இறங்கிவிட்டது.

வடக்குக் குன்றுகளில் வேறொன்று:
அடுக்குகளைக் குறுக்கே கிழித்து ஏறும் ஒல்லிச் சுவர்கள்.
வெளியே வர வழி தேடிய குழம்பு
வெடிப்புக்குள்ளேயே உறைந்துபோனது.
ஓடுபாதையில் மண்டியிட்டு
விரிசலுக்குள் தார் ஊற்றும்போது நினைத்தேன்,
இந்த வேலையை எனக்கு முன்பே
யாரோ இங்கே
ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்கள்.

விமான நிலையச் சுவரில் ஒரு கடல் வரைபடம்.
தென்கிழக்கே, தூரத்தில், தனியாகக் கூர்ப்பாறை ஒன்று,
தின்று முடித்த மீனின் நடுமுள் போல.
வடக்கே நீருக்கடியில் வரிசையாக மொட்டைத் தலைகள்.
இவற்றுக்கு மூத்தவை. எப்போதோ உள்ளே போனவை.
நடுவில் இது,
நாற்பதில் ஒரு பங்கு மிச்சத்தோடு.

பகல் சாப்பாட்டு நேரத்தில்
படிவத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
எரிமலையில்
எரி போனால்
மலை.
மலையில்
மெய் போனால்
அலை.
அடுத்து எந்த எழுத்தை அடிப்பதென்று தெரியாமல்
பேனாவை மூடிவிட்டேன்.

கரையில் ஒரு கல்லை எடுத்து
ஜாக்கெட்டில் போட்டிருந்தேன். நெல்லிக்காய் அளவு.
உடம்பெல்லாம் தோசைக்கண்.
அறுபது லட்சம் ஆண்டுக்கும் முன்னால்
வெளியேறப் பார்த்த காற்று,
சுவர் இறுகும் வேகத்தில் தோற்ற இடங்கள்.
கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

"பையில் என்ன?" என்றாள் ரோண்டா.
கல், என்றேன்.
"யாருடையது?"
நான் சிரித்தேன். அவள் பிரேக் போட்டாள்.
இன்ஜினை அணைக்கவில்லை.
"பார்த்து நட, புல்லுக்குக் கீழே பறவை வளை.
மிதித்தால் குஞ்சு."
அத்தனை வளைகளையும் சுற்றிச் சுற்றி
நீர்வரை போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.
கல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
லாரியில் ஏறினேன்.
காலைப் பயணி விமானம் காற்றில் திரும்பிப் போனதைப் பற்றி
அவள் பேச ஆரம்பித்தாள்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

சாயங்காலம் மூட்டைகளை எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
திரும்ப எண்ணினேன். முப்பத்தெட்டு.
இரண்டு, படகுத்துறையில் இறக்கும்போது கிழிந்து
கொட்டிவிட்டதாம்.
ரசீதில் நாற்பது என்றே கையெழுத்துப் போட்டேன்.

துறை முனையில் குனிந்து பார்த்தால் தெரிகிறது,
கறுப்புக்கும் பவளத்துக்கும் நடுவே
மக்குவாரிக் கல்லின் வெளிறிய சாம்பல்.
குடியேறி மூன்று மணி நேரம்.
நீலக்கோடு போட்ட மீன் ஒன்று
ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.