நான்காவது நரம்பு

ஜெகதேவி குவாரியில்
கிரேன் கொக்கி இரண்டாகத் தெரிந்த அன்று
தூக்கிய கல்லை மெல்லத் தரையில் வைத்துவிட்டு
இவர் இறங்கி வந்துவிட்டார்.
ஒன்றின் தலைமேல் ஒன்று,
மேலே இருந்தது கொஞ்சம் சாய்ந்து.
"எது நிஜக் கொக்கின்னு ஊகிச்சிடலாம்.
கீழ நிக்கிற முனிராஜ் தலைய வெச்சு
ஊகிக்கக் கூடாது" என்றார்.

கம்பெனியில் 'தண்ணி' என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில்
படி இறங்கும்போதெல்லாம் ஒரு படி கூடுதலாக இருந்தது.
தட்டில் ஒரு களி உருண்டை வைத்தால்
இரண்டு என்பார்.
"இப்படியே இருந்துட்டா கேழ்வரகு மிச்சம்."
நான் சிரிக்கவில்லை.
ஒரு கண்ணைப் பொத்தினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது என்று
பொத்திக்கொண்டே சாப்பிட்டார்.

கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில்
கண் டாக்டர் எங்கள் மகளைவிட ஒல்லி.
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டாள்.
ஒரு விழிக்கு ஆறு தசை.
அதில் ஒன்று மட்டும் நேராக வந்து பிடிக்காமல்
மூக்கோரம், புருவத்துக்கு அடியில்
ஒரு குருத்தெலும்பு வளையத்துக்குள் நுழைந்து
திரும்பி வந்து பிடிக்கிறது.

இவர் சீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.
"கப்பி" என்றார்.
"இது கப்பிங்க மேடம்.
இழுக்கற திசை மாறணும்னா கப்பி போட்டுத்தான் ஆவணும்.
பத்தொன்பது வருசமா இதத்தான் ஓட்டறேன்."
அவள் பேனாவை மூடிவிட்டு
முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்த்தாள்.

மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு கிளம்புகிறதாம்.
இந்தக் கப்பிக் கயிற்றை இழுப்பது நான்காவது,
இருப்பதிலேயே மெல்லியது.
மற்றவை முன்னாலும் பக்கத்திலும் புறப்பட,
இது ஒன்றுதான் முதுகுப்பக்கம் கிளம்பி
அடுத்த பக்கத்துக்குத் தாண்டி
சுற்றிக்கொண்டு கண்ணுக்கு வருகிறது.
திருப்பத்தூர் போய் ஓசூர் போகிற பஸ் மாதிரி
என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

காதுக்குள்ளே ஒரு ரசமட்டம் உண்டாம்.
தலை சாய்ந்தால் அது சொல்ல,
விழிகள் எதிர்ப்பக்கம் துளி உருண்டு
உலகத்தைக் கவிழாமல் பிடிக்குமாம்.
இவர் தலையை இரு கையாலும் பற்றி
இடது தோள் பக்கம் சாய்த்தாள்:
இடது விழி மட்டும் துள்ளி மேலே ஏறியது.
வலது பக்கம் சாய்த்தாள்:
இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன.
"பழைய போட்டோ இருக்கா?"

மறுநாள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோனேன்.
மாலையோடு இவர்.
தலை வலப்பக்கம் சாய்ந்து.
வலப்பக்கம் நின்றவள் நான்.
இருபத்திரண்டு வருஷமாக
எத்தனையோ சண்டைக்குப் பிறகு
நான் எடுத்துப் பார்த்துக்கொண்ட சாய்வு அது.

"பாருங்க, அப்பவே!" என்றாள் டாக்டர்.
"பிறவியிலேயே அந்த நரம்பு தளர்ச்சி.
தலையச் சாய்ச்சு சாய்ச்சே சமாளிச்சிருக்கார்.
இப்ப வயசாச்சு, மூளையால முடியல."

ஆல்பத்துக்குள் செருகியிருந்தது
ஐந்தாம் வகுப்புப் படமும்.
வரிசைக் கடைசியில் திம்மராயன்,
தலை வலப்பக்கம்.
அங்கே யாரும் இல்லை.
கொடிக்கம்பம் மட்டும்.

குடிக்கவில்லை என்று எழுதித் தரக் கேட்டோம்.
இடது நான்காம் நரம்பு என்று எழுதித் தந்தாள்.
மேலாளருக்குப் புரியவில்லை,
அதனால் ஒப்புக்கொண்டார்.

பிரிசம் வைத்த கண்ணாடி வந்தது.
கொக்கி ஒன்றானது, களி ஒன்றானது,
தலை நிமிர்ந்துவிட்டது.
வாசலில் நேர்த் தலையோடு ஒரு ஆள் வந்து நிற்க
யார் வேண்டும் என்று கேட்கப் பார்த்தேன்.

ராத்திரி கண்ணாடியைக் கழற்றி
ஜன்னலில் வைத்துவிட்டு டிவி பார்ப்பார்.
தலை தானாக வலப்பக்கம் வரும்.
ஒருநாள் சோதிக்கலாம் என்று
இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.
தலை வலப்பக்கமேதான் போனது,
கரண்ட் மீட்டர் பெட்டியை நோக்கி,
அதே பிரியத்தோடு.

விளம்பரம் வந்ததும் எழுந்துபோய்
மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.